நீல அடுக்கு

தொழிற்பேட்டை வரைபடத்தில் சாம்பல் நிறம்.
மாலை நாலு மணிக்குள்
அதை மஞ்சளாக்க வேண்டும்.
மஞ்சள் என்றால் குடியிருப்பு:
மூன்று மாடி, கீழே கடைகள்,
நடைபாதை ஓரம் வேம்பு.
மரத்துக்குக் குறி பச்சை வட்டம், நடுவில் புள்ளி.
நாற்பத்திரண்டு மரம் நட்டேன்
டீ ஆறுவதற்குள்.

வெள்ள எல்லை குறுக்கே போகிறதே சார் என்றேன்.
சுலைமான் அல் ஹப்ஸி நல்ல மனிதர்.
பெருநாளுக்கு என் வீட்டுக்கும் சேர்த்து அல்வா வாங்குபவர்.
"அழிக்காதே.
அந்த லேயரை மட்டும் அணைத்து வை."

அணைத்தேன்.
அவர் சொன்ன சொல்லுக்கு ஒரு பொருள்தான்.
நாங்கள்தான் விளக்கையும் பிள்ளையையும்
ஒரே வினையால் அணைக்கிறவர்கள்.
ஆற்றின் குறுக்கே கட்டுவதும் அதுதான்.

அந்த இடத்தை எனக்குத் திரையில் தெரியும்.
மரியசூசைக்குக் குழாய் வழியாகத் தெரியும்.
பதினாறு வருடமாய்க் கழிவுநீர் டேங்கர்.
ரூவியில் ஒரே மேசையில் சாப்பிடும்போது சொல்வார்,
நான் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்பேன்:
பெயிண்ட் கிடங்கின் குழி கிழமைக்கு ஒரு நிறம்,
குல் ஜமான் ஒர்க்‌ஷாப்பில் மேலே ஆயில், கீழே சோப்பு,
லேபர் கேம்ப்பில் சனிக்கிழமை காலை
பிரியாணி நெய் மூடிபோல் உறைந்திருக்கும்.
உறிஞ்சிக்கொண்டு போனால்
சுத்திகரிப்பு ஆலை வாசலில் முப்பது வண்டி.
வரிசையில் நின்றபடியே
ஜெபமாலை ஐம்பத்து மூன்று மணியும் முடித்துவிடலாம்.

போன தவக்காலத்தில் வாதி இறங்கியது.
இங்கே அப்படித்தான் சொல்வார்கள்,
பேருந்திலிருந்து ஆள் இறங்குவதுபோல்.
மலையில் இடித்த சத்தம்,
இவர்கள் தலைக்கு மேல் வெயில்.
பத்து நிமிடத்தில் டயர்கள் தெருவில் உருண்டன,
பிறகு மிதந்தன.
குழி மூடிகள் ஒவ்வொன்றாய்த் திறந்துகொண்டன.
டேங்கர் முதுகில் ஏழு பேர்.
குல் ஜமான் தலையில் ரசீதுப் புத்தகம்.
ஏணியின் மூன்றாம் படிவரை வந்து நின்றது,
நாற்றத்தோடு, இரவு முழுக்க.

விடிந்ததும் வாதியைக் காணோம்.
குழியிலிருந்து வந்தது மட்டும் போகவில்லை.
சுவரில் மார்புயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு.
பிறகு வெள்ளை அடித்தார்கள்.
காலண்டரைத் தூக்கினால் இன்னும் இருக்கிறதாம்.

அறிவிப்பு ஒட்டினோம்.
ஆட்சேபம் முப்பது நாளுக்குள்.
மனை எண், உரிமையாளர் பெயர், கையொப்பம்.
குல் ஜமான் படிவத்தை இருபுறமும் திருப்பிப் பார்த்தாராம்.
வாடகைக்கு இருப்பவன் எந்தக் கட்டத்தில் எழுதுவது?
மடித்து ஜன்னல் ஆடாமல் இருக்கச் செருகிவிட்டார்.

நான் வீரன் இல்லை.
விசாவில் மனைவி, பள்ளியில் பையன்,
ஊரில் பாதி எழும்பிய கட்டடம்.
அச்சுக்கு அனுப்பும் முன்
அந்த அடுக்கைத் திறந்தேன்.
தெளிவு என்று ஒரு எண் உண்டு, நூறு வைத்தால் ஒன்றுமே தெரியாது.
தொண்ணூறு வைத்தேன்.

தாள் சூடாக வந்தது.
மஞ்சளுக்கு மேல் ஏதோ பச்சையோடியது,
நோயாளியின் கண் வெள்ளைபோல்.
மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார் ஹப்ஸி.
"மை கசிகிறதா?"
ஆமாம் சார், மெஷின் பழசு என்றேன்.
அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார்.
பிறகு கையெழுத்துப் போட்டார்.

நகராட்சிக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.
ஏர்கண்டிஷன் காற்றில் ஓரம் மட்டும் ஆடும்.
மஞ்சளைப் பார்க்க வந்தவர்கள்
மரங்களை எண்ணிவிட்டுப் போனார்கள்.

டேங்கர் பெர்மிட் புதுப்பிக்க வந்த மரியசூசை
டோக்கன் நூற்றிப் பன்னிரண்டோடு
அதன் முன் நின்றார்.
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
விரலை வைத்தார், சரியாக அந்த ஓரத்தில்.
யார் போட்டது என்று கேட்கவில்லை.
"இன்னும் கொஞ்சம் மேற்கே வரும் தம்பி,
பள்ளிவாசல் படிவரைக்கும்."

பேனா இருக்கா என்றார்.